காசு கொடுத்து வாங்கிய சத்தம்

பொம்மிடியில் நான் பையனாகத் திரிந்த காலத்தில் ரயில் சத்தத்தைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. சேலம்–ஜோலார்பேட்டை பாதையில் சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின் கிளம்பும். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். டீக்கடைக் கண்ணாடி தம்ளர்கள் கிணுகிணுக்கும். பேச்சை நிறுத்திவிட்டு, வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். 1960களில் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிடமிருந்து வந்து, பிறகு வாராணசியிலேயே தயாரான எஞ்சின் அது. இரைந்தால்தான் நன்றாக இழுக்கிறது என்று ஊருக்கே நம்பிக்கை. வீட்டில் சாவி கொடுத்து ஓட்டும் தகர ரயிலும் கரகரவென்று உயிரை வாங்கும். அதற்கு வைத்தியம் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். அவ்வளவுதான்.

இப்போது பென்ஷன் வாங்குகிற வயதில் மேஜைமேல் ஒரு மாடல் எஞ்சின், அசலில் 87-ல் ஒரு பங்கு. நம் அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டரை அந்தக் கணக்கில் சுருக்கினால் 19-க்கு மேல் வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எஞ்சினின் 'கிர்ர்ர்' தான் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மூடியைக் கழற்றி மோட்டாரை மட்டும் தனியே ஓடவிட்டால் சத்தமில்லை. ஆக, கோளாறு கியரில். சக்கரம் சுற்றுக்கு ஒரு தடவை 'டிக்' என்றால் அச்சில் ஏற்றிய பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். மாற்றியே ஆக வேண்டும். என்னுடையது வேறு ரகம். முன்னால் போனால் சாது, பின்னால் வந்தால் மட்டும் ஊளை. வார்ம் கியர் தன் இருப்பிடத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று பொருள். மெல்லிய வாஷர் ஒன்றைச் செருகினேன். இறுகிப்போன பழைய கிரீஸைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸைக் கடுகளவு வைத்தேன். தாராளம் காட்டினால் அது மோட்டாரின் கம்யூட்டேட்டர் வரை தெறித்து வேறு வம்பு வரும்.

எஞ்சின் வாயை மூடியது. உடனே அடுத்த செலவு: சவுண்ட் டிகோடர், கூடவே நகத்தளவு ஸ்பீக்கர். ஆல்கோவின் உறுமலைக் காசு கொடுத்து உள்ளே ஏற்றியாயிற்று. ஓசியில் வந்த சத்தம் இருந்தால் விலைக்கு வாங்கிய சத்தம் எடுபடாதே!

ஸ்டேஷனிலோ மின்சார எஞ்சின்கள் வந்ததும் போனதும் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகின்றன. அவற்றை மட்டுமே பார்த்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு என் எஞ்சினைப் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். குனிந்து காது கொடுத்துக் கேட்டான்.

"என்ன தாத்தா, இவ்ளோ சத்தம் போடுது? கியர் போயிடுச்சா?"