சந்தைக்குப் போனால் போன் எதற்கு?

கேள்வி: கென்யாவின் சந்தை ஊர்களில் சில்லறைத் தகராறே கிடையாதாமே, நிஜமா?

பதில்: தகராறு குறைந்திருக்கிறது, பேரம் குறையவில்லை! நியேரி கவுன்டியிலுள்ள கரட்டினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் வந்து குவிகிற பெரிய சந்தை. தக்காளிக்கார அம்மாவிடம் வாய் வலிக்கப் பேரம் பேசலாம். விலை படிந்ததும் சாதா பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பலாம், இணையம்கூட வேண்டாம். அவர் போனில் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் பை கைமாறும்.

2007-ல் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் தொடங்கிய எம்-பெசா என்ற போன்வழிப் பணச் சேவையின் கைங்கரியம் இது.

வீடு திரும்ப 'போடா போடா' பைக் டாக்சி. (திட்டவில்லை, பெயரே அதுதான்!) மூட்டை, கோழி, ஆள் எல்லாம் ஒரே சீட்டில். அதற்கும் போனிலேயே பணம்.

போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்? காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் ஏற்றித்தரும் கடைகளும் உண்டு. அங்கே மட்டும் ரொக்கத்தோடு போங்கள்!