காது கூர்மையாக இருந்தால் போதுமா?

மாயாஜால நாவல் படிக்கிற ஒவ்வொருவருக்கும் தான் ஒரு எல்ஃப் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். நான் சொல்லித் தொலைத்துவிட்டேன், அதுதான் வினை.

எல்ஃப் என்றால் தெரியும்தானே உங்களுக்கு? நல்ல உயரம், ஒல்லி, கூர்மையான காது, சாவு கிடையாது, தொப்பை கிடையாது. பனியின் மேல் நடந்தால் கால் பதியாது. நான் அப்போதுதான் துடைத்த தரையில் நடந்தால் எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு, எதற்காகப் போனேன், ஃப்ரிட்ஜைத் திறந்தேனா என்பது வரை என் மனைவி தரையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட நான் சாப்பாட்டு மேஜையில், "எனக்கு என்னவோ எல்ஃப் சுபாவம்தான்" என்றேன். மகள் சிரித்த சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறிவிட்டது. அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். எனக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை.

இந்தப் புத்தகங்களெல்லாம் அவளுடையவை. கல்லூரிக்குப் போகிற பெண். ஒவ்வொரு நாவலும் எழுநூறு, எண்ணூறு பக்கம். முன்னால் வரைபடம், பின்னால் வம்சாவளி. மொபைலை நோண்டினால்தான் கடைக்கு அனுப்புவார்கள், புத்தகம் பிடித்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி ஆரம்பித்தேன். புத்தகத்தோடு அனுப்பினார்கள்.

படிக்கப் படிக்க ஒரு சங்கதி புலப்பட்டது. இந்த நாவல்களில் மனிதன் மட்டும்தான் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். நல்லவன், கெட்டவன், கோழை, கடன்காரன், எல்லாம் அவன் இஷ்டம். மற்ற இனத்துக்காரர்களுக்கெல்லாம் பிறக்கும்போதே குணத்தை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். குள்ளன் என்றால் தாடி, கோடாரி, தங்கத்தின் மேல் கண். ஓர்க் என்றால் கெட்டவன். பல் துலக்கவும் மாட்டான். எல்ஃப் என்றால் அழகு, பாட்டு, பெருமூச்சு. 1954, 55-இல் டோல்கியன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதி வெளியிட்டார். அவருக்கு அது வாழ்நாள் உழைப்பு. பின்னால் வந்தவர்களில் பலர் காதையும் தாடியையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அலுத்துப்போய் புத்தகத்தை மூடப்போகிற நேரத்தில்தான் இன்னொன்றும் புலப்பட்டது. இந்த அதிசயப் பிறவிகளில் எவருக்காவது ஒரு குடும்பக் கஷ்டம் வந்துவிட்டால், அந்த நிமிஷமே அவர் உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

1937-இல் வந்த 'தி ஹாபிட்'டையே எடுத்துக்கொள்ளுங்கள். பில்போ என்கிற ஹாபிட், சின்ன உருவம், தனிக்கட்டை, சௌகரியமான வீடு. ஒருநாள் சாயங்காலம் வாசல் மணி அடிக்கிறது. ஒரு குள்ளன். அப்புறம் இன்னொருவன். அப்புறம் ஜோடியாக, கும்பலாக, மொத்தம் 13 பேர், கூடவே ஒரு மந்திரவாதி வேறு. ஒருவன் கேக் கேட்கிறான், ஒருவன் காபி கேட்கிறான். பில்போவுக்கு டிராகன் பயமெல்லாம் அப்போது கிடையாது. இருக்கிற கேக் போதாமல் போனால், வீட்டுக்காரன் என்கிற முறையில் தான் பட்டினி கிடக்க வேண்டியிருக்குமே என்பதுதான் கவலை. ஐயா, சொல்லாமல் கொள்ளாமல் ஊரிலிருந்து ஆள் வந்து, கடைசி வடை எனக்கு முன்னால் மறைந்த சாயங்காலங்கள் எத்தனை! இன்னொன்று, அந்தக் குள்ளர்கள் சாப்பிட்டு முடித்ததும் தாங்களே பாத்திரம் கழுவுகிறார்கள். தட்டை உடைப்போம் என்று பாட்டு வேறு பாடுகிறார்கள், ஆனால் ஒன்றுகூட உடையவில்லை. இந்தப் பக்கத்தை மட்டும் என் மனைவி இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பாடுவதில்லை, மற்றதைச் செய்வேன்.

மறுநாள் காலை கடிகாரத்தின் அடியில் குள்ளர்கள் ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போகிறார்கள், டிராகனிடமிருந்து புதையலை மீட்கக் கூட வரும்படி. மொத்த லாபத்தில் பதினாலில் ஒரு பங்கு வரை, அதுவும் லாபம் வந்தால். பயணச் செலவு அவர்களுடையது. அவசியப்பட்டால் ஈமச்செலவும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், இத்தனை தெளிவான வேலை உத்தரவு எனக்கு இதுவரை வந்ததில்லை.

எல்ஃபுகளிடம்தான் இந்தக் குடும்பக் கஷ்டச் சமாசாரம் குறைச்சல். அவர்களுக்கு மூட்டு வலி வராது. கரண்ட் பில் வராது. லெம்பாஸ் என்று ஒரு ரொட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று தின்றால் ஒருநாள் முழுக்க நடக்கலாம். "அதுல ரெண்டு டஜன் வாங்கிட்டு வாங்க, நான் ஒரு வாரம் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றாள் மனைவி. அவள் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அதைச் சுட்டிக்காட்டுகிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆனால் ஒரே ஒரு எல்ஃபை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எல்ரோண்ட். அவர் மகள் ஆர்வென், அரகார்ன் என்கிற மனிதனை விரும்புகிறாள். பையன் எல்ரோண்ட் வீட்டிலேயே வளர்ந்தவன், ராஜவம்சம், தங்கமானவன். வேலை? காடு காடாகச் சுற்றுவது. பெண்ணோ பையனைவிட 2690 வயது மூத்தவள்; ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போனால் ஜோசியர் தண்ணீர் கேட்பார். எல்ரோண்ட் சத்தம் போடவில்லை. கோண்டோர், ஆர்னோர் என்று இரண்டு ராஜ்யம் இருக்கிறது, இரண்டுக்கும் ராஜாவாகிவிட்டு வா, பெண் தருகிறேன் என்கிறார். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே 39 வருஷம் ஓடுகிறது. மனிதனைக் கட்டிக்கொண்டால் மகளுக்கும் சாவு உண்டு, தான் கப்பலேறிப் போனபின் அவளைப் பார்க்கவே முடியாது என்று தெரிந்துதான் அந்த மனுஷர் சம்மதிக்கிறார். மனுஷர் என்று எழுதிவிட்டேன் பாருங்கள், அதுதான் நான் சொல்ல வந்தது. இத்தனை பெரிய கதையை டோல்கியன் நாவலுக்குள் வைக்காமல் கடைசியில் பின்னிணைப்பில் தள்ளியிருக்கிறார். பெண்ணைப் பெற்றவன் கவலைக்கு எந்த உலகத்திலும் பின்னிணைப்புதான்.

அடுத்து என்டுகள். நடமாடும், பேசும், மரம் மேய்ப்பவர்கள். எதையும் ஆற அமரத்தான் செய்வார்கள். அவசரக் கூட்டமே மூன்று நாள் நடக்கிறது. அவர்களில் பிரெகலாட் என்று ஒருவருக்கு மட்டும் அவசரக்காரர் என்று பட்டம். காரணம், எப்போதோ ஒரு பெரியவர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் "ஆமாம்" என்று சொல்லிவிட்டாராம். கேள்வி முடிவதற்குள் "ஆமாம்" சொல்வது கல்யாணமான ஆண்களெல்லாம் செய்வதுதான். எங்களை யாரும் அவசரக்காரன் என்பதில்லை, "நான் என்ன கேட்டேன், சொல்லுங்க பார்ப்போம்" என்கிறார்கள்.

என்டுகளின் தலைவர் ட்ரீபியர்டுக்கு ஒரு துக்கம். அவர்களுடைய பெண்டாட்டிமார்களைக் காணவில்லை. ஆண்களுக்குக் காடு பிடிக்கும், பெரிய மரம் பிடிக்கும், சும்மா சுற்றப் பிடிக்கும். பெண்களுக்குத் தோட்டம் வேண்டும். செடி சொன்னபடி கேட்க வேண்டும், வைத்த இடத்தில் வளர வேண்டும். தகராறு இல்லை, சண்டை இல்லை, மெல்ல விலகி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பிறகு போர் வந்து தோட்டமெல்லாம் கருகிப்போனது. இவர்கள் தேடிக்கொண்டு போகும்போது அங்கே யாரும் இல்லை. அந்தப் பெரிய கிழவர், வழியில் கிடைத்த சின்ன ஹாபிட்டுகளிடம், உங்கள் ஊர்ப்பக்கம் யாரையாவது பார்த்தீர்களா என்று விசாரிக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் மொட்டை மாடியிலும் இதே கட்சிதான். மனைவி தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்டுவாள். "அது தானா வளரட்டுமே" என்பது என் கொள்கை. குனிய வேண்டியிருக்காது பாருங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை அவளுக்குச் சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டாள்.

"பொண்டாட்டி எங்கே போனாள்னு இத்தனை வருஷமா தேடறாரே அந்த மரத்துக்காரர், ஏன் போனாள்னு ஒரு நாளாவது யோசிச்சாரா?"

டோல்கியன் வாசகர்கள் எழுபது வருஷமாக "எங்கே" என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் போய் குச்சி நட்டுவிட்டு வந்தேன்.

இருந்தாலும் என் நெஞ்சைத் தொட்டவர்கள் ஓர்க்குகள்தான். சிரித் உங்கோல் என்கிற இடத்தில், கதவுக்கு அந்தப்புறம் ஷாக்ராட், கோர்பாக் என்று இரண்டு ஓர்க் தலைவர்கள் பேசிக்கொண்டு போகிறார்கள். சாம் என்கிற ஹாபிட் ஒட்டுக்கேட்கிறான். என்ன பேசுகிறார்கள்? உலகத்தை அழிப்பதைப் பற்றியா? மேலிடத்தைப் பற்றி! பெரியவர்களும் தப்புச் செய்கிறார்கள், மாட்டிக்கொள்வது நாம்தான். இந்தப் போர் முடியட்டும், நம்பிக்கையான பையன்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, தலைக்கு மேல் பெரிய அதிகாரி யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, சொந்தமாகத் தொழில் ஆரம்பித்துவிடலாம். தொழில் கொள்ளைதான், அதை விடுங்கள். இந்தப் பேச்சு அப்படியே எங்கள் ஆபீஸ் வாசல் டீக்கடையில் நானும் நண்பரும் தினமும் பேசியது. நாங்கள் மெஸ் வைப்பதாக இருந்தோம்.

"அப்பா, ரொம்ப உருகாதீங்க. கொஞ்ச நேரத்துலயே அந்த ரெண்டு பேரும் ஒரு சட்டைக்காக வெட்டிக்கிட்டு, கிட்டத்தட்ட மொத்தப் பட்டாளமும் காலி" என்றாள் மகள்.

உண்மைதான். மித்ரில் சட்டை, விலைமதிப்பில்லாதது. எங்கள் ஆபீஸில் அது சுழல் நாற்காலியாக இருந்தது. நண்பரும் நானும் இப்போது வேறு வேறு டீக்கடை.

யோசித்துப் பாருங்கள், மேலதிகாரியைத் திட்டத் தெரிந்த ஒரு உயிர் பிறவியிலேயே கெட்டது என்று எப்படிச் சொல்வது? நியாயம் என்று ஒன்று மனசுக்குள் இருந்தால்தானே அநியாயம் என்று புலம்ப முடியும்? இது டோல்கியனையே உறுத்தியிருக்கிறது. அவர் இறந்தபின் 1977-இல் வந்த 'சில்மரில்லியன்' ஓர்க்குகளை, பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்து உருக்குலைத்த எல்ஃபுகள் என்கிறது. ஆனால் கடைசிக் காலக் குறிப்புகளில் அது சரியா என்று மாற்றி மாற்றி யோசித்திருக்கிறார், முடிவுக்கு வரவில்லை. அவர் தீவிர கத்தோலிக்கர். ஒரு இனம் முழுவதுக்கும் மீட்சியே இல்லை என்று எழுத அவர் மனம் ஒப்பவில்லை.

பின்னால் வந்தவர்களில் கெட்டிக்காரர்கள் இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ராபர்ட் ஜோர்டான் 1990-இல் ஆரம்பித்த வரிசையில் லோயல் என்று ஒரு ஓகியர் வருகிறான். பத்தடி உயரம், வயது 90. அவர்கள் கணக்கில் சின்னப் பையன். பெரியவர்களிடம் சொல்லாமல் ஊரைவிட்டு ஓடிவந்தவன். உலகமே முடியப்போகிறது, இவன் பயமெல்லாம் அம்மா பிடித்து இழுத்துப்போய்க் கல்யாணம் பண்ணிவைத்துவிடுவாளோ என்பதுதான்.

டெர்ரி பிராட்செட் இன்னும் ஒரு படி மேலே. குள்ளர்களில் பெண்களுக்கும் தாடி உண்டு, ஆண் பெண் வித்தியாசமே வெளியில் தெரியக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். 1996-இல் வந்த 'ஃபீட் ஆஃப் கிளே'யில் சீரி என்கிற குள்ளப்பெண் நகரக் காவல்படையில் வேலைக்குச் சேர்கிறாள். மெல்ல லிப்ஸ்டிக், அப்புறம் தொங்கட்டான், அப்புறம் பாவாடை. தாடியை மட்டும் எடுக்க மாட்டாள். அது அவள் குலப்பெருமை. மகள் இதைத் தன் பாட்டிக்குச் சொன்னாள்.

"வேலை செய்ற எடத்துல யாரும் ஒண்ணும் சொல்லலையா?" என்றார் மாமியார்.

"சொன்னாங்க பாட்டி. அவங்க ஆளுங்களே கேவலமாப் பார்த்தாங்க."

"பார்க்கத்தான் செய்வாங்க. நான் கையில வாட்ச் கட்டினப்போ எங்க தெருவே பார்த்துச்சு."

தாடி வைத்த ஒரு பெண்ணை என் மாமியார் ஒரே நிமிஷத்தில் சொந்தக்காரியாக்கிக்கொண்டுவிட்டார். என்னை ஏற்றுக்கொள்ள அவருக்கு வருஷக்கணக்கானது, நான் தினமும் ஷேவ் செய்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் அவள் சிநேகிதிகளும் ஹாலை ஆக்கிரமித்துக்கொண்டு பகடை உருட்டுவார்கள். 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று 1974-இல் வந்த ஆட்டம். நாவல்களிலிருந்து இந்த இனங்களை எடுத்து, குணங்களுக்கு மார்க் போட்டுப் பட்டியலாக்கிய புண்ணியவான்கள் அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள்தான். எல்ஃப் என்றால் சாமர்த்தியத்தில் கூட்டு, குள்ளன் என்றால் உடல்தெம்பில் கூட்டு. இப்போது அவர்களும் மாறிவிட்டார்கள். 2024-இல் வந்த விதிப்புத்தகத்தில் ஓர்க்கையும் ஆட்டக்காரர் எடுத்து ஆடும் முறையான பாத்திரமாகச் சேர்த்துவிட்டார்கள். மகளுக்கும் சிநேகிதிகளுக்கும் காபி கொண்டுபோய் வைத்த கையோடு, இத்தனை படித்திருக்கிறோமே என்கிற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"எல்ஃப் இல்லைன்னே வெச்சுக்கோ. அப்ப நான் என்ன இனம்?"

மகள் 2014-ஆம் வருஷத்துப் பழைய விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். "நீங்க மனுஷன்பா. பலம், சாமர்த்தியம், தெம்பு, புத்தி, விவேகம், வசீகரம், ஆறுலயும் ஒண்ணு ஒண்ணு கூட்டிக்கலாம். தனியா எதுலயும் விசேஷம் கிடையாது."

பரவாயில்லையே, ஆறிலும் ஒன்று கூடுகிறதே என்று நான் நிமிர்ந்து நின்ற நேரம் பார்த்து, அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏன்டி, கூட்டின பிறகுதான் இப்படியா?"