உப்பளத்து ஆலோசகர்கள்

மே மாதம் மரக்காணத்தில் இரண்டு விளைச்சல்: பாத்தியில் உப்பு, டீக்கடையில் அறிவுரை. பத்தாம் வகுப்புக் கணக்கில் 34 வாங்கியவன் சிக்கினால் போதும். "பேசாம பாலிடெக்னிக்ல சேருடா!" என்கிறார் பெரியப்பா, அதற்கும் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்பது அவருக்கு அற்ப விவரம். எட்டாவது தேறியவன் ஐடிஐயில் வெல்டர் படிக்கலாம், சில வாரங்களில் துணைத் தேர்வு வரும், திறந்தநிலைப் பள்ளியும் உண்டு. இதைச் சொல்லத்தான் ஆளில்லை. துணைத் தேர்வு வருவதோ உப்பு வாரும் மும்முரத்தில். (பையன் வாங்கப்போகும் கூலி வீட்டில் ஏற்கெனவே செலவாகியிருக்கும்.) உப்புநீரின் செறிவை அளக்கும் போமே மீட்டர் 25 டிகிரி காட்டும்வரை அதை வெயிலில் விட்டுப் பொறுமையாகக் காத்திருக்கும் ஊர் இது, தண்ணீரை யாரும் ஃபெயில் என்று திட்டியதில்லை. பெரியப்பா எத்தனாவதோடு நின்றார் என்று கேட்டேன். டீ ஆறுகிறதாம்.