யுகள கிதார் விசாரம்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையோரம் அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் இடைப்பட்ட ரமணாசிரமப் பகுதியில், மார்கழி பிறந்தது முதல் மாசி வெயில் உறைக்கும்வரை மொட்டைமாடிகளிலும் வேப்பமரத்து நிழல்களிலும் நிகழ்ந்துவரும் ஒரு மானிட வியாபாரத்தை, அதாவது கிதார் பயிலும் இருவர் எதிரெதிரே நாற்காலி போட்டுக்கொண்டு ஒரே உருப்படியைச் சேர்ந்து வாசிக்க முற்படும் அந்தக் கடுந்தவத்தை, எந்தப் பண்டிதரும் முறையாக ஆராய்ந்து எழுதிவைக்க முன்வராதது நம் அறிவுலகுக்குப் பெருமை தரும் விஷயமன்று. மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர்ப் பாதையைப் பற்றியும், அதிலுள்ள எட்டு லிங்கங்களைப் பற்றியும், 1896 செப்டம்பர் முதல் தேதி இங்கே வந்திறங்கிய வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுப் பிள்ளை ரமண மகரிஷியான வரலாற்றைப் பற்றியும் நூல்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. ஆனால், வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறித் தந்தியை மீட்ட வேண்டிய இடத்தில் ஆள்காட்டி விரலே ஏன் இரண்டு தடவை முந்திக்கொள்கிறது என்பதைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரங்கூடக் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்கவே இச்சிறு விசாரம்.

சாஸ்திர நூல் எதுவாயினும் அதிகாரி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம் ஆகிய நான்கையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. விஷயம் சொல்லியாயிற்று. அதிகாரிகள் இரு வகையினர். உள்ளூர் அதிகாரி இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர். 1982இல் வெளியான ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிதாரைக் கேட்டு மனம் பறிகொடுத்து, அது தம் தகப்பனார் பள்ளிக்கூடம் போன காலத்துப் பாட்டு என்பதையும் பொருட்படுத்தாமல், எஃகுத் தந்தி பூட்டிய கிதார் ஒன்றைத் தவணையில் வாங்கியவர். இளையராஜா மேனாட்டு முறைக் கிதாரைப் பயின்று லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதியவர் என்பதும், பின்னர் ‘ரமண மாலை’ இசைத்து இத்தலத்தோடு பந்தம் பூண்டவர் என்பதும் இவ்வகையினருக்கு ஏறக்குறைய ஸ்தல புராணம். வெளியூர் அதிகாரியோ, கடல் கடந்து வந்து, மாத வாடகைக்கு மாடியறை பிடித்து, காலையில் விரூபாக்ஷ குகைக்கு ஏறி இறங்கி, மத்தியானத்துக்கு மேல் நைலான் தந்திக் கிதாரை உறையிலிருந்து வெளியே எடுக்கும் முதிய மாது. பூக்காரி முதல் ஆட்டோக்காரர்வரை எல்லோருக்கும் அவர் ‘அம்மா’, அவருக்கு எல்லோரும் ‘தம்பி’. இவ்விருவருக்கும் சம்பந்தம் ஏற்படும் இடம் டீக்கடை பெஞ்சு. பிரயோஜனத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் இருப்பதால் அதைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறோம்.

முதலில் வலக்கை. தம்பி பிக் பிடித்து வாசிப்பவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே அதை இடுக்கி, நுனி மட்டும் நெல்மணி அளவு வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, கீழே ஓர் அடி, மேலே ஓர் அடி என்று முறை மாறாமல் தந்தியைத் தீண்டுவது அவர் கற்ற நெறி. பிடி தளர்ந்தால் பிக் சுழலும். இறுகினால் மணிக்கட்டும் சேர்ந்து இறுகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தை அவர் கண்டுகொண்ட கணத்தில் அது கைநழுவிக் கிதாரின் வயிற்றுத் துளைக்குள் விழுந்துவிடும். உடனே கிதாரைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்து உலுக்குவதும், பிக் துளையின் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிடுவதும், அந்தக் கடகடச் சத்தத்தில் ஏதோ தின்பண்டம் இருப்பதாக நினைத்து மதில்மேல் இருந்த குரங்குகள் நெருங்கி வந்து உட்கார்வதும் சாதகத்தின் அங்கங்களாகவே கொள்ளத்தக்கவை, ஏனெனில் சாதக நேரத்தில் இவற்றுக்குப் போகும் பங்கு அற்பமானதன்று.

அம்மா பிக்கைத் தொடார். கட்டைவிரலால் கீழ்ஸ்தாயித் தந்திகளையும், அடுத்த மூன்று விரல்களால் மேல்ஸ்தாயித் தந்திகளையும் நகத்தால் மீட்டுவது அவருடைய சம்பிரதாயம். அதற்காக நகங்களை உப்புத்தாளில் நாள்தோறும் தேய்த்துச் சீர்செய்வார். பாத்திரம் துலக்குகையில் மோதிர விரல் நகம் ஒடிந்துவிட்டால் அன்று பூராவும் மௌனம். ஆசிரமத்துக்கு வந்த அன்பர்கள் அதைத் தியானத்தின் விளைவென்று எண்ணி விலகிப் போவார்கள்.

இவ்வித பேதம் புதிதன்று. ஸ்பெயின் தேசத்துப் பெர்னாண்டோ சோர் (1778–1839) நகம் படாமல் விரல் சதையால் மீட்டுவதே உத்தமம் என்று சாதித்தவர். அவருடைய நண்பர் தியோனிசியோ அகுவாதோ (1784–1849) நகமே வேண்டும் என்ற கட்சி. போதாக்குறைக்கு, வாசிப்பவரின் உடம்பு கிதாரின்மேல் படிந்து நாதத்தை அமுக்கிவிடலாகாதென்று, அதை நிறுத்திவைக்க முக்காலித் தாங்கி ஒன்றையும் கற்பித்தவர். இவ்விருவரும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே சோர் தமது 41ஆம் உருப்படியை ‘இரு நண்பர்கள்’ என்ற பெயரில் இயற்றினார். நகமும் சதையுமாகப் பழகுவது என்று நாம் சொல்லும் வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான திருஷ்டாந்தம் சங்கீத சரித்திரத்தில் அகப்படுவது துர்லபம்.

இனி சுருதி. இவ்விசாரத்தின் உயிர்நிலை இதுவே. இருவரும் தத்தம் கைபேசியில் ட்யூனர் வைத்திருக்கிறார்கள். தம்பியின் ஐந்தாம் தந்தியை மீட்டினால் பச்சை விளக்கு. அம்மாவின் ஐந்தாம் தந்தியை மீட்டினாலும் பச்சை விளக்கு. இரண்டையும் சேர்த்து மீட்டினாலோ, நாதம் நொடிக்கு இரண்டு தடவை வீங்கி வீங்கி வடிகிறது. தம்பி அம்மாவின் காதைச் சந்தேகிக்கிறார், மரியாதை கருதி வாய்திறப்பதில்லை. அம்மா தம்பியின் எஃகுத் தந்தியைச் சந்தேகிக்கிறார், கருணை கருதி வாய்திறப்பதில்லை. இரண்டு நற்குணங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு வாரத்தைப் பாழாக்கிய பிற்பாடுதான் உண்மை வெளிப்படும்: தம்பியின் ட்யூனர், சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு 1955இல் சிபாரிசு செய்தபடி நொடிக்கு 440 அதிர்வை அடிப்படையாகக் கொண்டது, அம்மாவுடையதோ 432. இந்த 432தான் பிரபஞ்சத்தின் இயற்கைச் சுருதி என்னும் கொள்கை தியான நாட்டமுள்ள மேனாட்டார் சிலரிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. பிரபஞ்சம் கையெழுத்திட்ட பத்திரம் எதையும் அவர்கள் இதுவரை காட்டியதில்லை. அதற்கு இரண்டு ஸ்தாயி கீழே ஒலிக்கும் ஐந்தாம் தந்தி, முதற் கணக்கின்படி அதில் காற்பங்காக நொடிக்கு 110 தடவை அதிரும், இரண்டாம் கணக்கின்படி 108. மிச்சமாகிய இரண்டே நாம் கேட்ட வீக்கம்.

108 என்ற எண் வெளிப்பட்டதும் அம்மாவின் பக்ஷம் பன்மடங்கு பலப்பட்டுவிடுகிறது. ஜபமாலையின் மணிகள் 108, ரமணர் இயற்றிய அக்ஷரமணமாலையின் கண்ணிகளும் 108 அல்லவா என்று அவர் கேட்க, “ஆம்புலன்ஸ் நம்பரும் 108தாம்மா” என்று தம்பி மறுமொழி சொல்ல, தர்க்கம் அத்துடன் ஸ்தம்பித்துவிடும். பிற்பகலில் வெயில் திரும்பித் தம்பியின் நாற்காலிமேல் விழுந்ததும் எஃகுத் தந்தி சூடேறி நெகிழ்ந்து, சுருதி தானாகவே அம்மாவின் திசையில் சற்று இறங்குவதையும் பாரபட்சமின்றிப் பதிவு செய்கிறோம்.

இவ்விடத்தில் அறிவுடையோர் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. தம்பியின் கிதார் தன்னளவில் குற்றமற்றது, அம்மாவுடையதும் அவ்வாறே, குற்றம் இரண்டும் கூடுமிடத்தில் மட்டும் பிறக்கிறது, பிரித்து வைத்துத் தேடினால் எந்தப் பக்கமும் அகப்படுவதில்லை. லயத்திலும் இதே நிலைதான். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய பார் கார்டு வரும்போது தம்பி தயங்குவார், அடுத்த எளிய அடியில் பாய்ந்தோடி அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவார். அம்மாவோ பார் கார்டை அநாயாசமாகக் கடந்து, நகம் மாறி மாறி விழவேண்டிய விரைவான சங்கதியில் மூச்சுப் பிடிப்பார். தனியே வாசிக்கையில் இத்தயக்கங்கள் அவரவர் காதுக்கு எட்டுவதேயில்லை. பாவத்துக்காக நிறுத்தியது என்றே தோன்றும். ஆதலால் யுகள வாசிப்பின் வேகம் என்பது, இருவரில் எவருக்கு எந்த இடம் மிகமிகக் கடினமோ அந்த இடத்தில் அவர் தடுமாறாமல் நடக்கக்கூடிய வேகமேயாகும் என்று துணிகிறோம். மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 என்று வைத்தால் இருவரும் அவமானப்பட்டதாக நினைக்கிறார்கள். 90 என்று வைத்தால் உண்மையிலேயே அவமானப்படுகிறார்கள். சோர் தமது 34ஆம் உருப்படியை ஆசிரியரும் மாணாக்கரும் வாசிக்கத்தக்கதாக அமைத்தபோது இச்சங்கடம் எழவில்லை. விட்டுக்கொடுப்பவர் யார் என்பது அங்கே முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. இருவருமே மாணாக்கராயிருக்கும் மாடியில் அந்தப் பதவி நிரந்தரமாகக் காலியாக உள்ளது.

மௌனத்தையே உயர்ந்த உபதேசமாகக் கொண்ட மகரிஷியின் வாசலில் தந்தி வாத்தியம் தகுமோ என்று ஒரு பூர்வபக்ஷம் எழலாம். அக்ஷரமணமாலையே அடியார்கள் பிக்ஷைக்குப் போகையில் வாய்விட்டுப் பாடிச் செல்வதற்காக இயற்றப்பட்டது என்பதால், இத்தெருக்கள் பாட்டுக்குப் புதியவையல்ல என்று சமாதானம் சொல்லலாம். தவிர, காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் ஆசிரமத்தில் வேத பாராயணம் நடக்கையில் நம் அதிகாரிகள் கிதாரைத் தொடுவதில்லை. மயில்களிடம் அந்த ஒழுங்கு கிடையாது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து கேள்வியையே தள்ளுபடி செய்துவிடுகின்றன.

எஞ்சியது பிரயோஜனம். ஆனந்தம் என்பது அம்மாவின் கட்சி. சென்னைக்குப் போய்ச் சினிமாவில் வாசிப்பது தம்பியின் கட்சி. வீட்டுக்காரப் பாட்டியின் சித்தாந்தம் வேறு. மாசிக் கடைசியில் மாடியில் வேட்டி விரித்து அரிசி வடகம் பிழிந்துவிட்டு, கையில் குச்சியோடு காவலிருக்கும் அவர், இரு கிதாரும் சேர்ந்து முடித்த நாளையும் சேராமல் முடித்த நாளையும் மெட்ரோனோமைவிடத் துல்லியமாக அறிந்தவர். “நேத்து ரெண்டு பேரும் ஒண்ணா நிறுத்துனீங்க, கேக்க நல்லா இருந்துச்சு. இன்னிக்கு இன்னாத்துக்குப்பா நீ மட்டும் தனியா ஓடிக்கினு போற?” என்று அவர் கேட்டதற்குத் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு கிதாரை உறையில் வைக்கப் போனார். பாட்டி குச்சியை நீட்டித் தடுத்தார். “வைக்காத, வைக்காத. நீங்க ஒண்ணா வாசிச்சா ரெண்டு காக்கா வருது. தப்பா வாசிச்சா ஒண்ணுகூட வரல. வடகம் காயறவரைக்கும் வாசிங்க.”