மேட்டூரில் மீன் பிடிக்கும் முறை

1934இல் கட்டி முடிக்கப்பட்டு, அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்ற மேட்டூர் நீர்த்தேக்கத்தில், வலை வீசும் உரிமை உரிமம் பெற்ற மீனவர்க்கே உரியதாதலால், சுற்றுலாப் பயணியர் கரையோரக் கடைகளின் எண்ணெய்ச் சட்டியிலிருந்து மீன் பிடிக்கும் தனிக்கலையை வளர்த்துள்ளனர். கங்கைச் சமவெளியின் கட்லாவையும் ரோகுவையும் காவிரி மீனென்று அவர்கள் புகழ்ந்துண்பதும் இக்கலையின் ஓர் அங்கமே. நீர்மட்டம் முழு அளவாகிய 120 அடியை எட்டினால் வெள்ளத்தைக் காணவும், வறட்சியில் வெகுவாக இறங்கினால் பண்ணவாடியில் மூழ்கிக் கிடந்து வெளிப்படும் நந்தி சிலையையும் தேவாலயக் கோபுரத்தையும் காணவும் கூட்டம் திரள்வதால், டெல்டா உழவர் வானத்தைப் பார்த்து ஏங்கும் ஆண்டிலும் வறுவல் கடைக்கு வருவாய் குறைவதில்லை. ஆகவே சுற்றுலா எனப்படுவது, மழை பெய்தாலும் பொய்த்தாலும் விளையக்கூடிய, பயிர்க்காப்பீடு தேவைப்படாத ஒரே காவிரிச் சாகுபடி எனலாம்.