மங்கு நிரம்பிய பிறகு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் நான் வளர்ந்த காலத்தில், நிலம் ஆடும் என்ற பயமே எங்களுக்கு இல்லை. இன்று அந்தப் பால்மரக் காட்டில் செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் ஈப்போவின் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். சுமத்ராவின் ஆட்டத்தை அங்கேதான் உணர்கிறார்கள்: விளக்கு ஊசலாடும், தலை கிறுகிறுக்கும். வேகமாக அதிரும் அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவாக அசையும் அலைகளே இவ்வளவு தூரம் வந்து சேரும். உயரமான கட்டடம் அவற்றோடு சேர்ந்து ஆடும். எங்கள் தாழ்ந்த லயத்து வீடுகள் அசைந்ததில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. நம் நேரப்படி காலை 8.59-க்குச் சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம். ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் அதன் அளவை முதலில் 8.0 என்றது, பிறகு 8.5 என்றது. அடுத்து வந்த கணக்குகள் 9.0 என்றன. "காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணா?" என்று பெரியப்பா கொதித்தார்.

அவர் பால் வெட்டியவர். பால் சேரும் மங்கு நிரம்பினால் மிச்சப் பால் மண்ணில் வழியும் என்று தெரிந்தவர். நிலநடுக்கத்தின் பழைய அளவைகளும் அப்படித்தான். ஒன்று 1 விநாடி அலையைப் பார்க்கும், இன்னொன்று 20 விநாடி அலையைப் பார்க்கும். அன்றோ 1,200 கிலோமீட்டருக்கும் மேல் பிளவு ஓடியது. ஓடி முடிய 8 நிமிடத்துக்கும் மேல் ஆனது. அதன் பெரும்பங்கு குறுகிய அலைகளில் பதியவே இல்லை. அமெரிக்காவின் சேத் ஸ்டெயினும் எமில் ஓக்காலும் பூமி முழுவதும் மணிக்கணக்கில் அதிர்ந்ததை ஆராய்ந்தார்கள். 54 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அசைவு வரை கணக்கில் சேர்த்து, 9.3 என்று 2005-இல் சொன்னார்கள். 8.0-க்கும் 9.3-க்கும் இடையே ஆற்றலில் ஏறத்தாழ 90 மடங்கு வித்தியாசம்.

பிளந்த பரப்பு, நகர்ந்த தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் சேர்த்து அளக்கும் வழியை ஹிரோ கனமோரி 1970-களிலேயே தந்திருந்தார். நிரம்பி வழியாத அளவை அது. ஆனால் அதைக் கணக்கிட நேரம் பிடித்தது. லூயிஸ் ரிவேராவுடன் சேர்ந்து 2008-இல் அவர் வெளியிட்ட முறை, முந்தி வரும் மிக நீண்ட அலைகளைக் கொண்டு ஏறத்தாழ 20 நிமிடத்தில் அதே எண்ணைத் தருகிறது. மலேசியாவும் 2005-இல் தன் சுனாமி எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. உலகின் நிலநடுக்க நிலையப் பட்டியலில் நம் ஈப்போவும் இருக்கிறது.

அந்த டிசம்பர் 26 அன்று மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில். அந்தக் கரையைச் சுனாமி அலை தொட ஏறத்தாழ 4 மணி நேரம் ஆனது.