பழைய எஞ்சினா, புது எஞ்சினா? வாங்கப் போகும் அண்ணாச்சிக்கு

மாடல் ரயில் எஞ்சின் வாங்குமுன் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். திருநெல்வேலியில் அதற்குக் கடை தேடி அலையாதீர்கள். பழசுக்கு, தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பா ஒருவரைத் தேடுங்கள். உங்களுக்கு இல்லையென்றால் அடுத்தவர் சித்தப்பா போதும். அவர் வீட்டுப் பரணில் 1960களின் இங்கிலாந்து எஞ்சின் ஒன்று பழைய துணிக்கு அடியில் கிடக்கும்.

கையில் வாங்கியதும் தலைகீழாகத் திருப்புங்கள். மேல் பெயிண்டைப் பார்த்து மயங்குகிறவர் வாங்கத் தகுதியில்லாதவர். சக்கரத்தின் விளிம்பு ஆழமாக இருந்தால், இன்றைய மெல்லிய தண்டவாளத்தில் அது கட்டைகளைத் தட்டிக்கொண்டே போகும். சக்கரத்தில் மாட்டிய ரப்பர் வளையம் நம்மூர் வெயிலில் வறண்டு உதிர்ந்திருக்கும். 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். உறுமினால் உயிர் இருக்கிறது. புகை வந்தால், "நீராவி எஞ்சின்லா, அப்படித்தான் வரும்" என்று சித்தப்பா சொல்வதை நம்பாதீர்கள்.

உடம்பில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். துத்தநாக வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் பல வருஷம் கழித்துத் தானாகவே பொடிந்துபோகும். அதற்கு வைத்தியம் கிடையாது. மற்ற நோய்க்கெல்லாம் உண்டு. கார்பன் பிரஷ்ஷை மாற்றலாம், அறுந்த ஒயரை ரேடியோ ரிப்பேர்காரர் பற்றவைத்துவிடுவார். எண்ணெய் என்றால் தையல் மிஷின் எண்ணெய், ஒரே சொட்டு. தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். மார்கழியில் உறைகிற சரக்கு அது, தொடாதீர்கள்.

புதுசுக்கு வருவோம். குறை சொல்ல மனசு வராது. எல்லாச் சக்கரமும் இழுக்கும். உள்ளே ஃப்ளைவீல் சுழல்வதால் தூசி பட்ட இடத்திலும் திக்காமல் ஊர்ந்து போகும். டி.சி.சி. சிப் இருந்தால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியே ஓட்டலாம், ஹாரன் அடிக்கலாம். ஆச்சி கண்ணயரும் மதியத்தில் ஹாரனைச் சோதிக்க வேண்டாம். சிப் கெட்டால் அதே ரேடியோ ரிப்பேர்காரர், "வே, இது நம்ம கைக்கு அடங்காது" என்று கையை விரித்துவிடுவார். புதுசை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், மாடல் என்று நீங்கள் எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் சுங்கத்துக்கு அது பொம்மைதான். பொம்மை இறக்குமதி வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கி, 2023இல் 70க்கு ஏற்றினார்கள்.

இடத்தை அளந்துகொள்ளுங்கள். 20 மீட்டருக்கு மேல் நீளமான டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சினை எச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஒன்பது அங்குலத்தைத் தாண்டும். குறுகிய வளைவில் தடம்புரளும். பழசு குட்டை, கட்டிலுக்கடியிலேயே திரும்பிவிடும். வளைவே வேண்டாம், திருநெல்வேலி-திருச்செந்தூர் பாதையை நேராகப் போடுகிறேன் என்றால், தாமிரபரணிப் பாலத்தையும் சேர்த்து ஏறக்குறைய 700 மீட்டர் தண்டவாளம் வாங்க வேண்டும். தெருக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

அகலக் கணக்கு இன்னும் சுவையானது. எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர், 87ஆல் பெருக்கினால் 1,435. நம் அகலப் பாதை 1,676. ரயில்வே ஆண்டுக்கணக்கில் ஜல்லி கொட்டி அகலமாக்கியதை, நீங்கள் ஒரே பார்சலில் 24 சென்டிமீட்டர் குறுக்கிவிடுகிறீர்கள்.

உங்கள் மனசில் உள்ளது அகலப் பாதையே அல்ல, 2012இல் தென்காசிப் பாதை அகலமாவதற்கு முன் ஓடிய மீட்டர் கேஜ் வண்டிதான் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அந்த அளவில் பெரும்பாலும் கிடைப்பது சுவிட்சர்லாந்தின் சிவப்பு மலை எஞ்சின்கள். பின்னால் குற்றாலத்தை வரைந்து ஒட்டிக்கொள்ளுங்கள். பனிக்கலப்பையை மட்டும் கழற்றிவிடுங்கள். மீட்டர் கேஜில் இழுத்த ஒய்.டி.எம்.-4 டீசல்களில் சில பிறகு மலேசியாவுக்கும் மியான்மருக்கும் போய் ஓடின. வெளிநாடே நம்மிடம் செகண்ட் ஹேண்ட் எஞ்சின் எடுத்திருக்கிறது; சித்தப்பாவிடம் வாங்க உங்களுக்கென்ன கூச்சம்?

ஓட்ட ஆசையிருந்தால் புதுசு, பிரித்துப் பார்க்க ஆசையிருந்தால் பழசு. ஓட்டத்தான் வாங்குகிறேன் என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரிக்கிற கட்சி என்பது என் துணிபு. எனவே பழசையே பேசி முடியுங்கள். வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் இரண்டையும் மறந்துவிட்டு அம்பாசமுத்திரம் போங்கள். கடைசல்காரரிடம் சொல்லி அரக்குச் சாயம் பூசிய மர எஞ்சின் ஒன்று செய்து வாங்குங்கள். கயிறு கட்டி இழுத்தால் எந்தக் கேஜிலும் ஓடும்.

பழசை எடுக்கும்போது அதன் அசல் அட்டைப்பெட்டியை விட்டுவிடாதீர்கள். பெட்டியில்லாத எஞ்சினுக்கு மறுவிலை குறைவு. சித்தி அதில் பொத்தான் போட்டு வைத்திருப்பார். பொத்தானுக்கு நல்ல எவர்சில்வர் டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு பஸ் ஏறுங்கள்.